சுமாரான மதிப்பெண், பெங்களூருத் தமிழ்க் குடும்பம்: கல்லூரிச் சேர்க்கைக்கு யாரிடம் உதவி கேட்பது?
அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், ஸ்ரீராமபுரம், விவேக்நகர், ராமமூர்த்தி நகர்ப் பக்கம் பி.யு.சி. (கர்நாடகத்தின் பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகள்) முடிவு வந்த நாள் முதல் பெற்றோர் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். 90க்கு மேல் வாங்கிய பிள்ளையின் வீட்டாருக்கு இது தேவைப்படாது. 50க்கும் 75க்கும் நடுவில் நிற்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். விதிகளும் தேதிகளும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால், பணம் கட்டும் முன் அந்த ஆண்டின் அறிவிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மகளுக்கு 2ஆம் பி.யு.சி.யில் 62 சதவீதம். இதற்கெல்லாம் கல்லூரி கிடைக்குமா?

கிடைக்கும். பொறியியலுக்கே, சி.இ.டி. என்ற கர்நாடகப் பொது நுழைவுத்தேர்வு வழியில் இயற்பியல், கணிதம், வேதியியல் மூன்றும் சேர்த்து 45 சதவீதம் இருந்தால் தகுதி உண்டு. கர்நாடகத்தின் ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 40 போதும். பி.காம்., பி.ஏ. போன்ற படிப்புகளுக்குப் பல கல்லூரிகளில் தேர்ச்சி பெற்றிருந்தாலே விண்ணப்பிக்கலாம். பெங்களூரில் இடத்துக்குப் பஞ்சமில்லை. காலி இடங்களை நிரப்பத் தவிக்கும் கல்லூரிகள் நிறைய இருப்பதால்தான் சுமாரான மதிப்பெண் வாங்கிய வீட்டில் மே மாதம் முழுக்கத் தொலைபேசி அடித்துக்கொண்டே இருக்கிறது. அழைப்பவர்களில் யார் உங்களுக்காகப் பேசுகிறார், யார் கல்லூரிக்காகப் பேசுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

பள்ளி மதிப்பெண் குறைந்தால் எல்லா வழியும் குறுகிவிடாதா?

ஒவ்வொரு வாசலிலும் அந்த மதிப்பெண்ணுக்கு வேறு வேறு எடை. உதவிக்கு ஆள் தேடும் முன் இதைப் புரிந்துகொள்ளுங்கள். பாதி ஆலோசகர்கள் இதைச் சொல்வதற்குத்தான் பணம் வாங்குகிறார்கள்.

கர்நாடகத் தேர்வு ஆணையம் நடத்தும் சி.இ.டி.யில் பொறியியல் ரேங்குக்கு பி.யு.சி. மதிப்பெண் பாதி, நுழைவுத்தேர்வு மதிப்பெண் பாதி. தேர்வு 180 மதிப்பெண்ணுக்கு. இயற்பியல், வேதியியல், கணிதம் தலா 60. தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. ஆகவே ஒரு கேள்வியையும் விடாமல் எழுதிவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.

தனியார் பொறியியல் கல்லூரிகளுக்கான காமெட்கே தேர்வில் பி.யு.சி. மதிப்பெண் தகுதிக்கு மட்டும்தான். 45 சதவீதத்தைத் தாண்டிவிட்டால் பிறகு ரேங்கைத் தீர்மானிப்பது தேர்வு மட்டுமே. 180 கேள்விகள், மூன்று மணி நேரம், இங்கும் மதிப்பெண் கழிப்பு இல்லை. பள்ளித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதச் சோம்பல்படும், ஆனால் கணக்கை மனத்திலேயே போட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இது பொருத்தமான வாசல். கட்டணம் மட்டும் சி.இ.டி. இடத்தைவிடப் பல மடங்கு கூடுதலாக இருக்கலாம்.

தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வு இதற்கு நேர் எதிர். அங்கே நுழைவுத்தேர்வே இல்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப் மட்டும்தான். மொழிப்பாடங்கள் கணக்கில் வருவதில்லை. கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ சறுக்கி மொத்தம் 68 சதவீதத்தில் நிற்கும் பிள்ளை, கணிதத்தில் 85 வாங்கியிருந்தால் அங்கே சுமாரான மாணவர் அல்ல.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு 2022 முதல் க்யூட் என்ற பொது நுழைவுத்தேர்வு. டெல்லிப் பல்கலைக்கழகம் அதில் சேர்த்தி. பெங்களூரில் டாக்டர் பி.ஆர். அம்பேத்கர் பொருளாதாரப் பள்ளிப் பல்கலைக்கழகமும் அதன் வழியாகச் சேர்க்கிறது. ஆர்ட்ஸ், காமர்ஸ் படித்த பிள்ளைகளின் வீட்டில் இந்தத் தேர்வின் பெயரே பல சமயம் கேள்விப்படாததாக இருப்பது எனக்கு வருத்தம்.

கர்நாடக அரசுப் பல்கலைக்கழகங்களின் கீழ் வரும் பி.ஏ., பி.காம்., பி.எஸ்சி. கல்லூரிகளில் பி.யு.சி. மதிப்பெண்ணே அடிப்படை; விண்ணப்பம் யு.யு.சி.எம்.எஸ். என்ற இணையதளத்தின் வழியாக. 2024இல் கர்நாடகம் நான்காண்டுப் பட்டத்தைக் கைவிட்டு மூன்றாண்டுக்குத் திரும்பிவிட்டது. தனியார், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் நான்காண்டு இன்னும் இருக்கலாம். ஓர் ஆண்டுக் கட்டணம் கூடும் என்பதால் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மொத்தச் சதவீதத்தை மறந்துவிட்டு, பாடவாரியாகப் பாருங்கள். எந்த வாசல் உங்கள் பிள்ளையின் பலவீனமான எண்ணைப் பார்ப்பதில்லையோ அதைத்தான் தேட வேண்டும்.

நாங்கள் வேலூர்க்காரர்கள். மகன் பிறந்து வளர்ந்தது கே.ஆர். புரத்தில். கர்நாடகக் கோட்டாவில் இடம் கொடுப்பார்களா?

கொடுப்பார்கள். தாய்மொழி இங்கே தடையில்லை. ஒன்றாம் வகுப்பு முதல் 2ஆம் பி.யு.சி. வரைக்குள் குறைந்தது ஏழு கல்வியாண்டுகள் கர்நாடகத்தில் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. அல்லது பி.யு.சி. இரண்டில் ஒன்றையாவது இங்கே எழுதித் தேர்ச்சி பெற்றிருந்தால் அரசு இடங்களுக்குத் தகுதி உண்டு. ஏழு ஆண்டு தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. நடுவில் இரண்டு வருடம் ஊரில் பாட்டி வீட்டில் படித்தாலும் கூட்டிக் கழித்து ஏழு வந்தால் போதும்.

ஏழு வராதவர்களுக்கும் ஒரு வழி இருக்கிறது. பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளை இங்கே படித்திருந்து, அப்பா அம்மா இருவரில் ஒருவர் கர்நாடகத்தில் ஏழு ஆண்டு படித்தவராக இருந்தால் அதற்கென்று தனிப் பிரிவு உண்டு. ராணுவத்தினர், மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகளுக்கும் தனிப் பிரிவுகள். அறிவிப்புக் கையேட்டில் அ, ஆ என்று வரிசையாக இருக்கும் அந்தப் பகுதியைத்தான் யாரும் படிப்பதில்லை.

இதற்கு வேண்டிய காகிதம், படிப்புச் சான்றிதழ். பள்ளித் தலைமையாசிரியர் எழுதித் தர, வட்டாரக் கல்வி அலுவலர் மேலொப்பம் இட வேண்டும். மாநிலப் பள்ளிகளில் படித்தவர்களின் விவரம் மாணவர் எண் வழியாகத் தானாகவே சரிபார்க்கப்படுவதும் உண்டு. ஆனால் இரண்டு மூன்று பள்ளி மாறிய பிள்ளைகளுக்கு அதில் ஓட்டை விழுந்திருக்கும். ஒரு பள்ளி மூடிப்போயிருந்தால் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போயிற்று என்று தேடி அலைய வேண்டிவரும். அதனால் பிள்ளை 2ஆம் பி.யு.சி.யில் இருக்கும்போதே, தசரா விடுமுறைக்குள் இந்த வேலையை முடித்துவிடுங்கள். கட்-ஆஃபில் போகும் இடங்களைவிடக் காகிதம் இல்லாமல் போகும் இடங்களுக்காகத்தான் எனக்கு அதிகம் வயிறு எரிகிறது.

அப்படியானால் தமிழ்நாட்டில் விண்ணப்பிக்க முடியாதா?

முடியும். சொந்த ஊர் தமிழ்நாடாக இருந்து, படித்தது மட்டும் வெளி மாநிலத்தில் என்றால், நேட்டிவிட்டி சான்றிதழ் என்று எல்லாரும் சொல்லும் பிறப்பிடச் சான்றிதழ் வாங்கி விண்ணப்பிக்கலாம். சொந்த ஊர்த் தாலுகாவில், இ-சேவை மையத்தின் மூலம் கேட்க வேண்டும். குடும்ப அட்டையும் ஓட்டும் பெங்களூருக்கு மாறிவிட்ட வீடுகளுக்கு இது எளிதாகக் கிடைப்பதில்லை. தாத்தாவின் பத்திரம், அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ் ஆகியவற்றைத் தூசி தட்டி எடுத்து வையுங்கள்.

தமிழ்நாட்டு அரசின் எல்லாச் சலுகையும் இதோடு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பொறியியலில் அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் புதுமைப் பெண் உதவித்தொகையும் அங்கே அரசுப் பள்ளியில் படித்தவர்களை வைத்து வந்தவை. பெங்களூரில் படித்த பிள்ளைக்குப் பொருந்தாது.

இரண்டு மாநிலத்திலும் ஒரே சமயத்தில் விண்ணப்பிப்பதில் தவறில்லை. ஓசூரும் கிருஷ்ணகிரியும் பக்கத்திலேயே இருக்கும்போது அதைச் செய்யாமல் இருப்பதுதான் வியப்பு.

எங்களிடம் தமிழ்நாட்டுச் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. இங்கே செல்லுமா?

கர்நாடக அரசு இட ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. இங்கே பிரிவுகளே வேறு: பிரிவு 1, 2ஏ, 2பி, 3ஏ, 3பி. உங்கள் சாதி கர்நாடகப் பட்டியலிலும் இருந்தால், இங்குள்ள தாசில்தார் தரும் சான்றிதழ் வேண்டும். நாடகச்சேரி என்ற வருவாய்த்துறைச் சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கி, அதிலுள்ள ஆர்.டி. எண்ணை சி.இ.டி. விண்ணப்பத்தில் பதிய வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினர் விஷயத்தில் ஒரு மாநிலத்திலிருந்து குடிபெயர்ந்தவர் இன்னொரு மாநிலத்தின் ஒதுக்கீட்டைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. எப்போது இங்கு வந்தீர்கள், எத்தனை தலைமுறை என்பதைப் பொறுத்துத் தாசில்தார் அலுவலகம் முடிவெடுக்கும். தரகர் ‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்றால் நம்பாதீர்கள். சரிபார்ப்பில் சிக்கினால் கிடைத்த இடமும் போகும்.

சாதி எதுவானாலும், குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் கேட்கத்தக்க இடம் ஒன்று உண்டு. அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு மேல் 5 சதவீதம் கூடுதலாக வைத்திருக்கும் ‘சூப்பர் நியூமரரி’ இடங்கள் அவை. அவற்றில் கல்விக் கட்டணம் தள்ளுபடி. விண்ணப்பத்திலேயே கேட்டுக் குறிக்க வேண்டும்.

‘எங்கள் ஆலோசனை முற்றிலும் இலவசம்’ என்று ஒரு கன்சல்டன்சி கூப்பிடுகிறது. போகலாமா?

வாடகை கொடுத்து, ஏசி போட்டு, காபி கொடுத்து உபசரிக்கும் ஓர் அலுவலகம் உங்களிடம் பணம் வாங்கவில்லை என்றால், வேறு யாரோ கொடுக்கிறார்கள். சேர்த்துவிடும் ஒவ்வொரு மாணவருக்கும் கல்லூரி தரகு கொடுக்கிறது. அதில் குற்றம் என்று நான் சொல்லவில்லை. வீட்டுத் தரகரிடமும்தான் போகிறோம். ஆனால் அவர் காட்டும் பட்டியலில் தரகு கொடுக்கும் கல்லூரிகள் மட்டுமே இருக்கும். சேஷாத்ரி சாலையில் அரசு பாலிடெக்னிக் இருப்பதையோ, கே.ஆர். சர்க்கிளில் 1917 முதல் யு.வி.சி.இ. என்ற அரசுப் பொறியியல் கல்லூரி இருப்பதையோ அவர் சொல்லமாட்டார். அங்கே அவருக்கு ஒரு காசும் பெயராது.

கல்விச் சேர்க்கை ஆலோசகர் என்று பலகை மாட்ட இந்நாட்டில் யாரிடமும் உரிமம் வாங்க வேண்டியதில்லை. எனவே சோதிப்பது உங்கள் பொறுப்பு. என் வழக்கம், ‘என் மகனுக்கு எந்தக் கல்லூரி வேண்டாம் என்பீர்கள், ஏன்?’ என்று கேட்பது. உண்மையான ஆலோசகர் தயங்காமல் இரண்டு பெயரைச் சொல்லிக் காரணமும் சொல்வார். தரகருக்கு எல்லாக் கல்லூரியும் நல்ல கல்லூரிதான். அடுத்து, ‘சி.இ.டி. முதல் சுற்று முடியட்டும், பிறகு வருகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘அதற்குள் சீட் போய்விடும், இன்றே முன்பணம் கட்டுங்கள்’ என்று பதறினால் அவர் யாருடைய ஆள் என்று தெரிந்துவிடும்.

இணையதளப் பயனர் பெயர், கடவுச்சொல், ஓ.டி.பி. இவற்றை யாரிடமும் கொடுக்கவே கூடாது. 2024 இறுதியில் பொறியியல் இடங்களைப் பிடித்து வைத்துக் கடைசியில் காலியாக்கும் ‘சீட் பிளாக்கிங்’ மோசடி பெங்களூரில் வெடித்தது. தேர்வு ஆணையமே போலீசில் புகார் கொடுத்தது. ஆணையத்தின் உள்ளேயே வேலை பார்த்தவர் உட்படக் கைதுகள் நடந்தன. மாணவர்களின் உள்நுழைவு விவரங்கள் பிறர் கைக்குப் போனதுதான் அதில் அடிப்படை. உங்களுக்காக விருப்பப் பட்டியலை ‘நாங்களே போட்டுவிடுகிறோம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்பவர்கள் பரவாயில்லையா?

கல்லூரியிடம் தரகு வாங்காமல், உங்களிடம் மட்டும் கட்டணம் வாங்கும் தனி ஆலோசகர்கள் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு அமர்வுக்குப் போய், பிள்ளை மனம்விட்டுப் பேச ஒரு மூன்றாம் மனிதர் கிடைத்தால் அது வீணான செலவல்ல. ஆண்டு முழுவதற்குமான ‘பேக்கேஜ்’ சுமாரான மாணவர் வீட்டுக்குத் தேவையே இல்லை. இந்த ஊர்ச் சேர்க்கையில் பெரும்பகுதி ரேங்கும் விருப்பப் பட்டியலும் போடும் கணக்கு. கட்டுரை எழுதிக் கொடுத்து உயர்த்திவிட அதில் ஒன்றுமில்லை. கைரேகையைப் பார்த்து மூளையின் திறன் சொல்லும் கடைகளைப் பற்றிப் பேசி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

சரி, காசில்லாமல் நம்பகமான உதவி எங்கே கிடைக்கும்?

முதலில் பிள்ளை படித்த பி.யு. கல்லூரி. அங்கே சி.இ.டி. விண்ணப்பங்களை ஆண்டுதோறும் கவனிக்கும் விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண்ணுக்காகத் திட்டு வாங்கிய கூச்சத்தில் அவரிடம் போகாமல் இருக்காதீர்கள். சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் ஆலோசகர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது இணைப்பு விதி. பெயரைக் கேட்டு நேரம் வாங்குங்கள்.

அடுத்து மல்லேஸ்வரத்தில் இருக்கும் தேர்வு ஆணையம். அதன் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் கட்-ஆஃப் ரேங்க், கல்லூரிவாரியாகவும் பிரிவுவாரியாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. கன்சல்டன்சிகள் வண்ணக் காகிதத்தில் அச்சடித்துத் தருவது அதே பட்டியல்தான். மூன்று ஆண்டுப் பட்டியலை எடுத்து, உங்கள் பிரிவில், பிள்ளையின் ரேங்குக்குச் சற்று மேலும் கீழும் எந்தக் கல்லூரிகள் வருகின்றன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

கன்னடமும் ஆங்கிலமும் தடுமாறும் பெற்றோருக்கு, தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தை ஒட்டி வந்த உயர்கல்வி வழிகாட்டிகள் தமிழில் உதவும். சேர்க்கை விதிகள் தமிழ்நாட்டுக்கானவை. எந்தப் படிப்பு எதற்கு என்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட மேலான உதவி, அதே தெருவில் இரண்டு ஆண்டுக்கு முன் சுமாரான மதிப்பெண்ணோடு சேர்ந்த பிள்ளை. 98 வாங்கிய அத்தை மகனிடம் கேட்காதீர்கள். அவர் நடந்த வழி வேறு.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் டொனேஷன் கொடுத்துச் சேர்ப்பது பற்றி?

தனியார் பொறியியல் கல்லூரிகளில் பொதுவாக 45 சதவீத இடம் சி.இ.டி.க்கு, 30 காமெட்கேவுக்கு, 25 நிர்வாகத்துக்கும் வெளிநாட்டுவாழ் இந்தியருக்கும். நிர்வாக இடத்துக்கு அதிகக் கட்டணம் வாங்குவது சட்டப்படியே நடக்கிறது. ரசீது இல்லாமல் கையில் வாங்கும் பணம் வேறு. அப்படி வாங்கும் கேப்பிடேஷன் கட்டணத்தைத் தடைசெய்யும் சட்டம் கர்நாடகத்தில் 1984 முதல் இருக்கிறது. 1992இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பழக்கத்தைக் கண்டித்த வழக்கும் கர்நாடகத்தில் ஒரு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையிலிருந்து வந்ததுதான். 2002இல் தனியார் கல்லூரிகளின் கட்டண உரிமையை விரிவாக்கிய தீர்ப்பும்கூட கேப்பிடேஷன் கூடாது என்றே சொன்னது.

இத்தனைக்குப் பிறகும் நடக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் சொல்வது வரிசையைப் பற்றி. சி.இ.டி. சுற்றுகளும் காமெட்கேவும் முடிவதற்கு முன் நிர்வாக இடத்துக்குப் பணம் கட்டாதீர்கள். முதல் வரிசைக் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இடம் முன்னதாகவே போய்விடுவது உண்மை. ஆனால் உங்களைத் துரத்தித் துரத்தி அழைக்கும் கல்லூரியில் ஆகஸ்டிலும் இடம் இருக்கும், விலையும் இறங்கியிருக்கும். நகை வைத்தோ ஊர் நிலத்தை விற்றோ மே மாதத்தில் கட்டிய தொகைக்கு, அதே கல்லூரியில் சி.இ.டி. இரண்டாம் சுற்றில் சேர்ந்த பிள்ளை கால்வாசிதான் கட்டியிருக்கும்.

விருப்பப் பட்டியலில் எதை மேலே போடுவது?

பிடித்ததை மேலே. கிடைக்காது என்று நினைப்பதை மேலே போட்டால் கீழே உள்ளது கைவிட்டுப் போகும் என்ற பயம் நம் வீடுகளில் பரவலாக இருக்கிறது; கணினி அப்படி வேலை செய்வதில்லை. மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, ரேங்குக்குக் கிடைக்கும் முதல் இடத்தைத் தரும். எனவே பட்டியல் நீளமாக இருக்கலாம், கிடைத்தாலும் சேரமாட்டோம் என்ற கல்லூரி மட்டும் அதில் இருக்கக் கூடாது. முதலில் மாதிரி ஒதுக்கீடு வரும். அதைப் பார்த்து வரிசையைத் திருத்தலாம்.

இடம் கிடைத்தபின் நான்கு தெரிவுகள். முதல் தெரிவு என்றால் சேர்ந்துவிடுகிறோம். இரண்டாவது, இதை வைத்துக்கொண்டு மேலே உள்ளவற்றுக்குக் காத்திருக்கிறோம். மூன்றாவது, இது வேண்டாம், அடுத்த சுற்றுக்கு வருகிறோம். நான்காவது, விலகுகிறோம். சுமாரான ரேங்குக்கு இரண்டாவதுதான் பெரும்பாலும் பாதுகாப்பு. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: அடுத்த சுற்றில் மேலே உள்ளது கிடைத்தால் பழையது தானாக ரத்தாகிவிடும். ‘பழையதே நன்றாக இருந்ததே’ என்று பிறகு அழுதால் திரும்பாது.

பொறியியல் அவ்வளவாக ஓடாது என்று தெரிகிறது. வேறென்ன?

பி.யு.சி. அறிவியலில் தடுமாறியவர் டிப்ளமாவின் இரண்டாம் ஆண்டில் சேரலாம். பிறகு வேண்டுமென்றால் டிப்ளமா முடித்தவர்களுக்கான டி.சி.இ.டி. நுழைவுத்தேர்வு எழுதிப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நுழையலாம். பத்தாம் வகுப்பு முடித்த தம்பி தங்கை இருந்தால் ராஜாஜி நகரிலுள்ள ஜி.டி.டி.சி. என்ற அரசுக் கருவிக்கூடத்தை நினைவில் வையுங்கள். டென்மார்க் அரசின் உதவியோடு 1972இல் தொடங்கியது. அச்சு வார்க்கும் கருவிகள் செய்யும் டிப்ளமா, மூன்றாண்டு படிப்பும் ஓராண்டுத் தொழிற்சாலைப் பயிற்சியும். பீன்யா தொழிற்பேட்டையில் வேலை பார்க்கும் யாரிடம் வேண்டுமானாலும் அதன் மதிப்பைக் கேட்டுக்கொள்ளலாம்.

உயிரியல் படித்து, நீட்டில் எட்டாத பிள்ளைகளுக்கு ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் ரேடியாலஜி, அறுவை அரங்கத் தொழில்நுட்பம், ஆய்வகத் தொழில்நுட்பம் போன்ற பட்டங்கள் உண்டு. கல்லூரிக்குச் சொந்த மருத்துவமனை இருக்கிறதா, அதில் நோயாளிகள் வருகிறார்களா என்று நேரில் போய்ப் பாருங்கள். நோயாளி இல்லாத மருத்துவமனையில் கற்றுக்கொள்ள எதுவும் இருக்காது.

காமர்ஸ் பிள்ளைகளுக்கு சி.ஏ. ஃபவுண்டேஷன், பன்னிரண்டாம் வகுப்பு தேர்ச்சி இருந்தால் எழுதலாம். 2024 முதல் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. கதவு அகலம், படி செங்குத்து. பி.காம்.மோடு சேர்த்து முயல்வது நல்லது. பி.சி.ஏ., பி.பி.ஏ. சேர்பவர்கள், 2024 முதல் இவையும் தொழில்நுட்பக் கல்விக்கான ஏ.ஐ.சி.டி.இ. குழுவின் அங்கீகாரத்தின் கீழ் வந்துவிட்டதால், கல்லூரி அதை வாங்கியிருக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு பாடத்தில் தோல்வி. ஆண்டு வீணா?

இல்லை. 2024 முதல் கர்நாடகத்தில் ஒரே ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பி.யு.சி. தேர்வு நடத்துகிறார்கள். தேர்ச்சி பெற்றவரும் மதிப்பெண்ணை உயர்த்த மறுபடி எழுதலாம். கூடுதலாக வந்தது நிலைக்கும். சி.இ.டி. ரேங்குக்குப் புதிய மதிப்பெண்ணை எந்தத் தேதிவரை ஏற்பார்கள் என்று மட்டும் அறிவிப்பில் பாருங்கள்.

ஒரு கல்லூரியில் பணம் கட்டி, அசல் சான்றிதழும் கொடுத்துவிட்டோம். இப்போது வேறு இடம் கிடைத்திருக்கிறது.

அசல் சான்றிதழைக் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்துத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு அறிவிப்பு. கட்டணமும் அதன்படி படிப்படியாகத் திரும்பும்: சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால், 5,000 ரூபாய்க்கு மிகாத சிறு பிடித்தம் போக முழுவதும், கடைசி நாளுக்கு 30 நாள் கழிந்தபின் ஒன்றுமில்லை. இடைப்பட்ட நாட்களுக்கு 90, 80, 50 சதவீதம். சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமான தேதிகளையும் குழு அறிவித்திருக்கிறது. விலகல் கடிதத்தை மின்னஞ்சலில் அனுப்புங்கள். கவுண்டரில் வாயால் சொல்லிவிட்டு வந்தால் அந்தத் தேதிக்குச் சாட்சி இருக்காது.

கல்விக் கடன் கிடைக்குமா?

7.5 லட்சம் வரை அடமானமில்லாமல் தரும் வழி பொதுத்துறை வங்கிகளில் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த பி.எம். வித்யாலட்சுமி கடன் திட்டம், தரவரிசையில் மேலே உள்ள கல்லூரிகளுக்கு மட்டும். சுமாரான மாணவர் சேரும் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லாமல் போகலாம். வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் தொழிற்கல்விக்குப் படிப்புக் காலத்து வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டத்தைக் கேளுங்கள். நிர்வாக இடத்துக்குக் கடன் கேட்டால் மேலாளர்கள் முகம் சுளிப்பார்கள். கல்லூரியை முடிவு செய்தபின் வங்கிக்குப் போகாமல், அதற்கு முன்பே போய்க் கேட்டு வருவது நல்லது.

முடிவு வந்ததிலிருந்து மகன் அறையை விட்டு வெளியே வருவதில்லை. நாங்கள் என்ன பேசுவது?

கல்லூரியைப் பற்றி ஒரு வாரம் பேசாதீர்கள். உறவினர் தொலைபேசியில் மதிப்பெண் கேட்டால், பிள்ளையின் காதுபட ‘தேர்ச்சி பெற்றுவிட்டான்’ என்று சொல்லிப் பேச்சை மாற்றுங்கள். சாப்பாடு, தூக்கம் இரண்டும் குலைந்தாலோ, வாழ்வதைப் பற்றி வெறுப்பாகப் பேசினாலோ தாமதிக்காமல் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணை அழையுங்கள். நம் ஊர் மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸ் முன்னின்று நடத்தும் அரசுச் சேவை, எந்த நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம்.

கல்லூரியை நேரில் பார்க்கப் போகும்போது எதைக் கவனிப்பது?

சேர்க்கை அலுவலகத்தில் கால் மணி நேரம் போதும், மிச்ச நேரத்தைக் கேண்டீனில் செலவிடுங்கள். மூன்றாம் ஆண்டு மாணவர்களிடம் ஆசிரியர்கள் பாதியில் விலகுகிறார்களா, ஆய்வகம் திறந்திருக்கிறதா, வேலை வாங்கித் தந்ததாகப் பலகையில் ஒட்டிய படங்கள் எந்த ஆண்டுடையவை என்று கேளுங்கள். தமிழ்ப் பிள்ளைகள் யாராவது அகப்படுவார்கள், உண்மையைச் சொல்வார்கள்.

பிறகு தூரம். ஒயிட்ஃபீல்டிலிருந்து கெங்கேரிப் பக்கம் போக 2023 அக்டோபரில் முழுமையான ஊதா மெட்ரோ இருக்கிறது. பொம்மசந்திராவுக்கு 2025 ஆகஸ்ட் முதல் மஞ்சள் தடம். ஆனால் பல கல்லூரிகள் நிலையத்திலிருந்து இன்னும் பல கிலோமீட்டர் தள்ளி, பஸ் அரிதாக ஓடும் சாலைகளில் இருக்கின்றன. காலை எட்டு மணி வகுப்புக்கு ஒருநாள் பிள்ளையை அந்த வழியிலேயே போய்வரச் சொல்லுங்கள். கல்லூரிப் பஸ் கட்டணம் பெரும்பாலும் கட்டண அட்டையில் இருக்காது. விடுதி, சீருடை, ‘திறன் பயிற்சி’ என்ற பெயரில் வாங்குவது எல்லாவற்றையும் சேர்த்து நான்கு ஆண்டுக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். எழுதித் தர மறுக்கும் கல்லூரியை நோட்டில் அடித்துவிடலாம்.